பழைய ஸ்க்ரம்ப்ளர், 100 கிலோ ஆள்: சஸ்பென்ஷன்ல முதல்ல எதை மாத்தணும்?

செகண்ட் ஹேண்ட்ல கவாசாக்கி கேஎல்எக்ஸோ சுஸுக்கி டிஆர்-இசட் 400ஓ மாதிரி ஒரு ஸ்க்ரம்ப்ளர், அதாவது மண் பாதையில ஓட்டுற மோட்டார் சைக்கிள் வாங்கிட்டு, ஞாயித்துக்கிழமை விடியக்காலையில கோலாலம்பூர்லேர்ந்து கிளம்பி செமினி பக்கமோ உலு லங்காட் பக்கமோ செம்பனைத் தோட்டத்துக்குள்ள இறங்குற நம்ம பசங்க நிறைய பேர் இருக்காங்க. அதுல நல்ல உடம்பு உள்ளவங்களும் நிறைய, 90 கிலோ, 100 கிலோ, 110 கிலோன்னு. அவங்க கேக்குற கேள்வி பெரும்பாலும் ஒண்ணுதான்: ஏறி உக்காந்தா வண்டி பின்னாடி இறங்கிடுது, சின்ன குழியில கூட டங்குன்னு அடி முட்டுது, முன் சக்கரம் வளைவுல சொன்ன பேச்சு கேக்காம வெளியே ஓடுது, என்ன அப்சோர்பர் போடலாம்?

ஒரு பிராண்ட் பேரைச் சொல்லிட்டுப் போறது சுலபம், ஆனா அது பதில் ஆகாது. உங்க எடைக்கு ஏத்த ஸ்ப்ரிங் இல்லாத வண்டியில எத்தனை ஆயிரம் வெள்ளி அப்சோர்பர் போட்டாலும் அது பாட்டுக்கு முட்டிட்டுத்தான் இருக்கும். சரியான ஸ்ப்ரிங்கைப் போட்டு, முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்குற ஃபோர்க்குல எண்ணெயை மாத்தி, பின் சக்கரத்தைத் தாங்குற ஸ்விங் ஆர்மை அப்சோர்பரோட இணைக்கிற லிங்கேஜை கழட்டி சர்வீஸ் பண்ணிட்டா 20 வருஷத்துப் பழைய வண்டி கூட கனமான ஆளை வச்சுக்கிட்டு அழகா ஓடும். அது ஏன்னு புரிஞ்சுக்கிட்டா பட்டறைக்குப் போய் என்ன கேக்கணும்னு உங்களுக்கே தெரிஞ்சிடும், அதுக்குத்தான் இதை எழுதுறேன்.

சஸ்பென்ஷன்ல ரெண்டு வேலை நடக்குது, ரெண்டையும் ஒண்ணா குழப்பிக்கிறதுதான் எல்லா வம்புக்கும் ஆரம்பம். முதல் வேலை எடையைத் தாங்குறது, அதைச் செய்யறது ஸ்ப்ரிங். ரெண்டாவது வேலை அந்த ஸ்ப்ரிங் எவ்வளவு வேகமா அமுங்கணும், எவ்வளவு வேகமா திரும்ப எழும்பணும்னு கட்டுப்படுத்துறது, அதுதான் டேம்பிங், அதைச் செய்யறது சின்ன ஓட்டைகள் வழியா தள்ளப்படுற எண்ணெய். ஆபிஸ் கதவுக்கு மேல ஒரு க்ளோசர் மாட்டியிருப்பாங்களே, உள்ள ஸ்ப்ரிங் கதவை இழுக்கும், எண்ணெய் அதை அறைஞ்சு சாத்த விடாம மெதுவா விடும், கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான் இங்கயும். எண்ணெய் எடையைத் தாங்காது. வண்டி நின்னுக்கிட்டு இருக்கும்போது நீங்க ஏறி உக்காந்தா அது எவ்வளவு இறங்குதுங்கிறது முழுக்க முழுக்க ஸ்ப்ரிங் கணக்கு, டேம்பிங் ஸ்க்ரூவைத் திருகி அதை மாத்த முடியாது.

கம்பெனியில வண்டி செய்யும்போது ஏதோ ஒரு எடையை மனசுல வச்சுத்தான் ஸ்ப்ரிங் போடுவாங்க, நிறைய வண்டிகளுக்கு அது 70 கிலோவுக்குப் பக்கத்துல இருக்கும், சின்ன டிரெயில் வண்டிக்கு அதுக்கும் கீழ. இப்ப நீங்க 100 கிலோ, அதோட பூட்ஸ், ஹெல்மெட், முட்டிக் கவசம், முதுகுல தண்ணிப் பை எல்லாம் சேர்த்தா இன்னொரு 8, 10 கிலோ ஏறும். அப்ப கணக்குல போட்டதை விட 40 கிலோ கூட உக்காருது, அதுல பெரும்பங்கு பின் சக்கரத்து மேல.

இந்த இடத்துலதான் எல்லாரும் ப்ரீலோடைப் பிடிச்சுக்குவாங்க, அதாவது எடை ஏறுறதுக்கு முன்னாடியே ஸ்ப்ரிங்கை அமுக்கி வைக்கிற அளவை. பின் அப்சோர்பர் மேல இருக்குற ரிங்கை டைட் பண்ணிக்கிட்டே போனா ஸ்ப்ரிங் கட்டியாயிடும்னு ஒரு நம்பிக்கை. "அண்ணே, இன்னும் ரெண்டு சுத்து இறுக்கிவிடுங்கண்ணே"ன்னு பட்டறையில கேக்குறதை நானே நிறைய தடவை பார்த்திருக்கேன். ஸ்ப்ரிங் கட்டியாகாது, அதோட கட்டித்தன்மை அது செஞ்ச கம்பியோட தடிமன், சுருளோட அகலம், சுருள் எண்ணிக்கை, இதுல அடங்கியிருக்கு, ரிங்கை இறுக்குறதால இதுல எதுவும் மாறாது.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்க. ஸ்ப்ரிங்கோட ரேட் 5 கிலோன்னு வச்சுக்குவோம், அதாவது 1 மிமீ அமுக்க 5 கிலோ வேணும். ரிங்கை இறுக்கி 10 மிமீ ப்ரீலோட் வச்சா, முதல் 50 கிலோ வர்ற வரைக்கும் ஸ்ப்ரிங் அசையாது, அதுக்கப்புறம் ஒவ்வொரு மிமீக்கும் அதே 5 கிலோதான். அப்சோர்பர் மொத்தம் 110 மிமீ அமுங்கும்னா கடைசியில அது காட்டுற எதிர்ப்பு 600 கிலோ. இப்ப ப்ரீலோடை ரெட்டிப்பாக்கி 20 மிமீ வைங்க, கடைசி எதிர்ப்பு 650 கிலோ, 100க்கு 8 பங்கு மட்டும் கூடியிருக்கு, ஆனா ஆரம்பத்துல 100 கிலோ வர்ற வரைக்கும் ஸ்ப்ரிங் மரக்கட்டை மாதிரி நிக்கும். அதுக்குப் பதிலா 6 கிலோ ரேட் ஸ்ப்ரிங் போட்டு பழைய 10 மிமீ ப்ரீலோடே வச்சா கடைசி எதிர்ப்பு 720 கிலோ, 100க்கு 20 பங்கு கூட, ஆரம்பமும் மென்மையா இருக்கு. இதுல தெரியுதுல்ல, ரொம்ப இறுக்கின ஸ்ப்ரிங் சின்ன வேர், சின்ன கல்லுல எல்லாம் முதுகை உலுக்கும், பெரிய குழியில அப்படியும் போய் முட்டும். ரெண்டு பக்கமும் நஷ்டம்.

சரி, உங்க ஸ்ப்ரிங் உங்களுக்குப் பத்துமா பத்தாதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதுக்கு ஒரு அளவு டேப்பும், கூட ரெண்டு பேரும் போதும். இந்த அளவுக்குப் பேரு ஸேக், வண்டி தன் எடையிலயும் உங்க எடையிலயும் எவ்வளவு இறங்குதுங்கிற அளவு.

பின் சக்கரம் தரையில படாம வண்டியை ஸ்டாண்டுல தூக்கி வைங்க. பின் ஆக்ஸில் நட்டு நடுவுலேர்ந்து நேர் மேல, பின் மட்கார்டுல ஒரு புள்ளி வச்சு, அந்த தூரத்தை அளந்து எழுதிக்குங்க. அப்புறம் வண்டியை இறக்கி, ஒருத்தர் ஹேண்டிலை நேரா பிடிச்சுக்க, நீங்க முழு கியரோட ஏறி, ஃபுட் ரெஸ்ட் மேல நின்னு ரெண்டு மூணு தடவை குதிச்சு அமுக்கிட்டு அசையாம நில்லுங்க, இன்னொருத்தர் அதே ரெண்டு புள்ளிக்கு நடுவுல அளக்கட்டும். முதல் அளவுலேர்ந்து இதைக் கழிச்சா வர்றது ரைடர் ஸேக். கடைசியா நீங்க இறங்கிட்டு வண்டி மட்டும் தன் கால்ல நிக்கும்போது ஒரு அளவு, அதை முதல் அளவுலேர்ந்து கழிச்சா வர்றது ஸ்டாட்டிக் ஸேக். ஸ்டாண்டு மேல இருக்கும்போது ஸ்விங் ஆர்ம் முழுசா தொங்கணும், அது மட்டும் கவனம்.

பின்னாடி 300 மிமீ டிராவல், அதாவது சக்கரம் மேலயும் கீழயும் போற முழு தூரம், இருக்குற பெரிய வண்டிக்கு ரைடர் ஸேக் 100 மிமீக்கு பக்கத்துல இருக்கணும், டிராவல் கம்மியான சின்ன வண்டிக்கு அந்த டிராவல்ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு. ஸ்டாட்டிக் ஸேக் பெரிய வண்டிக்கு 25லேர்ந்து 40 மிமீ வரைக்கும் வந்தா நல்லது. ரெண்டையும் சேர்த்துப் படிக்கிறதுதான் இதுல முக்கியம், ஒண்ணை மட்டும் பார்த்தா ஒண்ணும் தெரியாது.

எனக்குத் தெரிஞ்ச தம்பி ஒருத்தன், 105 கிலோ, வண்டி பழைய 400சிசி. வீட்டு போர்ச்சுல வச்சு அளந்தோம். சக்கரம் தூக்கி இருக்கும்போது 610 மிமீ, அவன் ஏறி நின்னா 472, ஆக 138 மிமீ ரைடர் ஸேக், ரொம்ப அதிகம். ரிங்கை இறுக்கி இறுக்கி 508க்குக் கொண்டு வந்தோம், ரைடர் ஸேக் 102, பார்க்க சரியா இருக்கு. ஆனா அவன் இறங்கினதும் வண்டி மட்டும் நின்ன அளவு 603, ஸ்டாட்டிக் ஸேக் வெறும் 7 மிமீ. அதாவது வண்டி தன் எடைக்கு இறங்கவே இல்ல, ஸ்ப்ரிங் அவ்வளவு இறுகிப் போய் உச்சியில நிக்குது. ஸ்ப்ரிங் அவனுக்கு மென்மைங்கிறதுக்கு இதை விட சாட்சி வேணாம். கட்டியான ஸ்ப்ரிங் போட்டப்புறம் ரைடர் ஸேக் 100ல வச்சா ஸ்டாட்டிக் 25 வந்துச்சு, அன்னைக்கு அவன் ஓட்டிப் பார்த்துட்டு வந்து சொன்னது, "வண்டி உயரமாயிடுச்சு அண்ணே, ஆனா மெத்துன்னு இருக்கு". கட்டி ஸ்ப்ரிங் போட்டா வண்டி மெத்துன்னு ஆகுதுன்னா கேக்க விசித்திரமா இருக்கும், மேல போட்ட கணக்கைத் திரும்பப் பார்த்தா விஷயம் புரியும், ப்ரீலோட் குறைஞ்சதால ஆரம்பம் இளகிடுச்சு.

இதுக்கு நேர் எதிர் நிலைமையும் உண்டு. ரைடர் ஸேக் 100ல இருக்கு, ஆனா ஸ்டாட்டிக் 50க்கு மேல போகுதுன்னா ஸ்ப்ரிங் உங்களுக்கு ரொம்பக் கட்டி. செகண்ட் ஹேண்ட் வண்டியில முன்னாடி வச்சிருந்தவர் ஏற்கனவே ஸ்ப்ரிங் மாத்தியிருக்கலாம், அதனால வாங்கின உடனே ஒரு தடவை அளந்துடுங்க.

ஸ்ப்ரிங் வாங்கும்போது ரேட்டை கிலோ கணக்குலயோ நியூட்டன் கணக்குலயோ எழுதியிருப்பாங்க, 1 கிலோன்னா 9.81 நியூட்டன், அதனால 54 நியூட்டன்னு போட்டிருந்தா அது 5.5 கிலோ ஸ்ப்ரிங். பின் ஸ்ப்ரிங் வழக்கமா 0.2 கிலோ இடைவெளியில வரும், 5.0, 5.2, 5.4 அப்படி, ஃபோர்க் ஸ்ப்ரிங் 0.02 இடைவெளியில, 0.44, 0.46ன்னு. ஸ்ப்ரிங் விக்கிறவங்க வண்டி மாடலையும் உங்க எடையையும் வச்சு ரேட் சொல்ற சார்ட் வச்சிருப்பாங்க, எடையைக் கேட்டா கூச்சப்படாம உண்மையைச் சொல்லுங்க. 5 கிலோ குறைச்சுச் சொன்னா ஒரு படி மென்மையான ஸ்ப்ரிங் வந்து சேரும், காசு உங்க காசு.

பின்னாடி மட்டும் மாத்திட்டு முன்னாடி அப்படியே விட்டுடாதீங்க. பின்னாடி உயர்ந்து முன்னாடி மென்மையாவே இருந்தா, பிரேக் போட்டதும் வண்டி மூக்கைக் குத்தும், ஃபோர்க்கோட சாய்வு செங்குத்தா மாறி ஹேண்டில் படபடன்னு ஆடும், செம்மண் இறக்கத்துல அது பயங்கரம். முன்னும் பின்னும் ஒண்ணா கட்டியாகணும். ஃபோர்க் ட்யூப்ல ஒரு கேபிள் டை கட்டி சீலோட ஒட்டித் தள்ளி வச்சு, ஏறி இறங்கி எவ்வளவு நகர்ந்திருக்குன்னு பார்த்தா முன்பக்க ஸேக் தெரியும், 300 மிமீ டிராவலுக்கு ரைடர் ஸேக் 60லேர்ந்து 75 மிமீக்குள்ள வரணும்.

பழைய வண்டிக்கு ஃபோர்க் ஸ்ப்ரிங் கிடைக்கலைன்னா ஒரு பழைய வித்தை இருக்கு, ஸ்ப்ரிங்கை வெட்டுறது. கேக்க காட்டு வேலை மாதிரி தோணும், ஆனா கணக்கு சுத்தமா இருக்கு. ஒரே இடைவெளியில சுத்தின ஸ்ப்ரிங்ல சுருள் குறைஞ்சா ரேட் ஏறும். 50 சுருள் இருக்குறதுல 10ஐ வெட்டினா 50ஐ 40ஆல வகுத்து 1.25, அதாவது 0.36 ஸ்ப்ரிங் 0.45 ஆயிடும். குறைஞ்ச நீளத்துக்கு தடிமனான பிவிசி பைப்பை அளவா வெட்டி ஸ்பேசரா வச்சு, ஸ்ப்ரிங்குக்கும் பைப்புக்கும் நடுவுல ஒரு வாஷர் போடணும், வெட்டின முனை கூரா பைப்பைக் குடையாம தேச்சு தட்டையாக்கணும். வெட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு பார்த்தே ஆகணும், சுருளுக்கு நடுவுல இருக்குற இடைவெளி. 6 மிமீ இடைவெளின்னா 40 சுருளுக்கு 240 மிமீதான் அமுங்க இடம். ஃபோர்க் டிராவல் 200, ப்ரீலோட் 15ன்னா 215 போதும், பிழைச்சோம். டிராவல் 250ன்னா சுருளும் சுருளும் முட்டி ஃபோர்க் பாதி வழியில இரும்புக் கம்பியா நின்னுடும், ரொம்ப ஆபத்து. கணக்கு வரலைன்னா வெட்டாதீங்க, புது ஸ்ப்ரிங் வர்ற வரைக்கும் பொறுங்க. பின் ஸ்ப்ரிங்கை எக்காரணம் கொண்டும் வெட்டக்கூடாது.

அடுத்தது ஃபோர்க் எண்ணெய். இதுல ரெண்டு விஷயம் இருக்கு, எண்ணெயோட கட்டி ஒண்ணு, எண்ணெய் மட்டம் ஒண்ணு. மட்டம்னா ஸ்ப்ரிங்கை வெளியே எடுத்துட்டு ஃபோர்க்கை முழுசா அமுக்கி வச்சு, ட்யூப் வாயிலேர்ந்து எண்ணெய் வரைக்கும் இருக்குற காலி இடத்தை அளக்குறது. அந்தக் காத்து இடம் குறைய குறைய கடைசி கட்டத்துல காத்து நல்லா அமுங்கி ஃபோர்க் அடி முட்டாம காப்பாத்தும், ஆரம்ப அசைவுல பெருசா வித்தியாசம் தெரியாது. அதனால மேனுவல்ல சொன்ன அளவுலேர்ந்து 10 மிமீ எண்ணெய் ஏத்திப் பார்க்குறது கனமான ஆளுக்கு ரொம்ப மலிவான உதவி. அளவுக்கு மேல ஊத்தினா சீல் கிழிஞ்சு எண்ணெய் வெளியே வந்துடும்.

எண்ணெயோட கட்டியைப் பத்தி சொல்லணும்னா முதல்ல உங்க ஃபோர்க் எந்த வகைன்னு தெரியணும். சின்ன டிரெயில் வண்டிகள்லயும் ரொம்பப் பழைய வண்டிகள்லயும் பெரும்பாலும் டேம்பர் ராட் ஃபோர்க், உள்ள ஓட்டை போட்ட ஒரு குழாய், அவ்வளவுதான். டிஆர்-இசட் 400 மாதிரி வண்டியில கார்ட்ரிட்ஜ் ஃபோர்க், உள்ள மெல்லிய தகடுகள் அடுக்கின வால்வு இருக்கும், வேகமா அடிச்சா தகடு வளைஞ்சு எண்ணெய்க்கு வழி விடும். டேம்பர் ராட்ல அந்த வசதி இல்ல. ஓட்டை அதே அளவுதான், அசைவோட வேகம் ரெண்டு மடங்கானா எதிர்ப்பு நாலு மடங்காகும். அதனாலதான் அந்த ஃபோர்க் பிரேக் போடும்போது பொதுக்குன்னு இறங்குது, செம்பனை வேர் மேல வேகமா ஏறினா மணிக்கட்டு விண்ணுன்னு தெறிக்குது, ரெண்டும் ஒரே ஃபோர்க்ல. இதுல போய் 10க்குப் பதிலா 20 கட்டி எண்ணெய் ஊத்தினா இறங்குறது கொஞ்சம் குறையும், வேர்ல அடிக்கிறது கூடும். கனமான ஆள் எடையை எண்ணெயால தாங்க வைக்கப் பார்க்குற வேலை அது, வேணாம். இன்னொண்ணு, டப்பாவுல போட்டிருக்குற 5, 10ங்கிற நம்பரை பிராண்டுக்கு பிராண்ட் ஒப்பிட முடியாது, ஒருத்தரோட 5 இன்னொருத்தரோட 10 அளவுக்குக் கட்டியா இருக்கும், அதனால ஒரு பிராண்டைப் பிடிச்சா அதுலேயே இருங்க.

டேம்பர் ராட் ஃபோர்க்குக்கு உருப்படியான மேம்பாடு எமுலேட்டர்னு ஒரு வால்வு. அமெரிக்காவுல ரேஸ் டெக் செய்யறது ரொம்பப் பேர் போனது. அதை டேம்பர் ராட் தலை மேல உக்கார வச்சு மெயின் ஸ்ப்ரிங்கால அமுக்கிப் பிடிச்சுக்கணும், ராட்ல இருக்குற பழைய கம்ப்ரெஷன் ஓட்டைகளை, அதாவது ஃபோர்க் அமுங்கும்போது எண்ணெய் போற ஓட்டைகளைப் பெருசாக்கி, புதுசாவும் துளைச்சுடணும், அப்பதான் எண்ணெய் தாராளமா வந்து வால்வுகிட்ட வேலை வாங்கும். மெதுவான அசைவுக்கு எதிர்ப்பு காட்டும், திடீர் அடிக்குத் திறந்து விட்டுடும். ராடைத் துளைச்சப்புறம் பழைய நிலைக்குத் திரும்ப முடியாது, தெரிஞ்சு செய்யுங்க.

பின் அப்சோர்பருக்கு வருவோம். கட்டி ஸ்ப்ரிங் அமுங்கினா கூட சக்தியைச் சேர்த்து வச்சுக்கிட்டு கூட வேகத்துல திரும்பும், அதைப் பிடிச்சு நிறுத்த ரீபவுண்ட் டேம்பிங், அதாவது திரும்ப எழும்புறதை அடக்குற டேம்பிங் கூடணும். ரீபவுண்ட் ஸ்க்ரூ இருக்குற வண்டின்னா ரெண்டு மூணு க்ளிக் உள்ள திருகி ஆரம்பிங்க, முதல்ல முழுசா உள்ள திருகி இப்ப எத்தனை க்ளிக்ல இருக்குன்னு எண்ணி எழுதி வச்சுக்குங்க. பின்னாடி எகிறி எகிறித் தூக்கிப் போட்டா இன்னும் உள்ள, வரிசையா வர்ற மேடு பள்ளத்துல வண்டி எழும்ப நேரம் இல்லாம கீழேயே உக்காந்துக்கிட்டே போனா வெளிய. ஸ்க்ரூ எவ்வளவு திருகியும் வித்தியாசமே தெரியலைன்னா உள்ள எண்ணெய் செத்துப் போச்சுன்னு அர்த்தம். 20 வருஷமா மாத்தாத எண்ணெய், நம்ம ஊர் வெயிலுக்கு தண்ணி மாதிரி ஆகியிருக்கும். உள்ள நைட்ரஜன் அழுத்தம் சுமார் 10 பார் வரைக்கும் இருக்கும், அதனால இதை மட்டும் வீட்டுல கழட்டாதீங்க, அப்சோர்பர் திறந்து எண்ணெய், சீல் மாத்தி கேஸ் ஏத்துற பட்டறைக்கே கொடுங்க, கட்டி ஸ்ப்ரிங்குக்கு ஏத்த மாதிரி உள்ள தகடுகளையும் மாத்தித் தரச் சொல்லிக் கேளுங்க.

இது எல்லாத்துக்கும் முன்னாடி லிங்கேஜ். கவாசாக்கி யூனி-ட்ராக், ஹோண்டா ப்ரோ-லிங்க், சுஸுக்கி ஃபுல் ஃப்ளோட்டர், பேரு எதுவா இருந்தாலும் ஸ்விங் ஆர்முக்கு அடியில சேத்துக்குள்ளயே கிடக்குற ஊசி பேரிங்தான். தோட்டத்து சேறும், வீட்டுக்கு வந்து ஜெட் தண்ணி அடிக்கிறதும் சேர்ந்து கிரீஸைக் கழுவிட்டுப் போயிடும். வண்டியைத் தூக்கி வச்சு பின் சக்கரத்தை ரெண்டு கையாலயும் மெதுவா மேல தூக்கிப் பாருங்க, அப்சோர்பர் அசையறதுக்கு முன்னாடி டொக்குன்னு ஆட்டம் இருந்தா பேரிங் போச்சு. துருப்பிடிச்சு இறுகின லிங்கேஜ்ல ஸேக் அளந்தா அளவும் பொய்யாத்தான் வரும்.

ஓலின்ஸ் மாதிரி முழு அப்சோர்பர் வாங்குற வசதி இருந்தா தாராளமா வாங்குங்க, நல்ல சாமான்தான், ஆனா ஆர்டர் கொடுக்கும்போதே உங்க எடைக்கு ஸ்ப்ரிங் கேட்டு வாங்கணும், பெட்டியில வர்றது உங்களுக்கு அளந்து வச்சது இல்ல. கேஎல்எக்ஸ் 150 மாதிரி சின்ன வண்டின்னா என் கருத்து, ஸ்ப்ரிங், எண்ணெய், லிங்கேஜ் இதோட நிறுத்திக்கிட்டு மிச்சக் காசை பெரிய வண்டிக்குச் சேர்த்து வைக்கலாம், ஏன்னா 110 கிலோவுக்கு அந்தச் சட்டமும் சக்கரமும் சின்னதுதான்.

ஸ்ப்ரிங் மாட்டினப்புறம் செயின் தொய்வைத் திரும்பப் பார்க்க மறந்துடாதீங்க. வண்டி நிக்கிற உயரம் மாறினதால பழைய செட்டிங் பொருந்தாது. முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் போல்ட், பின் ஆக்ஸில் மூணும் ஒரே கோட்டுல வர்ற அளவுக்கு வண்டியை பெல்ட் போட்டு அமுக்கி வச்சுப் பாருங்க, செயின் ரொம்ப இறுகுற இடம் அதுதான், அங்கயும் விரலால ஆட்டினா கொஞ்சம் தொய்வு இருக்கணும். புது ஸ்ப்ரிங் கொஞ்சம் படிஞ்சு உக்காரும், அதனால ரெண்டு மூணு ரைடு போயிட்டு வந்து அதே டேப், அதே புள்ளி வச்சு ஸேக்கை இன்னொரு தடவை அளந்து, சில மிமீ கூடியிருந்தா ரிங்கை அந்த அளவுக்கு மட்டும் இறுக்கி லாக் பண்ணிடுங்க.